தாத்தா ஏன் என்கிட்ட சொல்லாமப் போனார்?

அப்பா இறந்தபோது என் அக்கா மகளுக்கு ஐந்து வயது. "தாத்தா ஊருக்குப் போயிருக்கார்" என்று அவளிடம் சொன்னது நான்தான். அப்படிச் சொல்லும்படி யாரும் என்னிடம் கேட்கவில்லை. அக்கா அழுதுகொண்டிருந்தாள், வீடு நிறைய ஆட்கள், குழந்தை என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். அப்புறம் அவளைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் விட்டோம். அவள் திரும்பி வந்தபோது தாத்தாவின் நாற்காலி மட்டும் இருந்தது.

ஏழெட்டு மாதம் அவள் அதைப் பற்றிப் பேசவேயில்லை. குழந்தைகள் சீக்கிரம் மறந்துவிடுவார்கள் என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். ஒருநாள் இரவு விளக்கை அணைத்த பிறகு, இருட்டில் அவள் குரல் கேட்டது: "சித்தி, தாத்தா ஏன் என்கிட்ட சொல்லாமப் போனார்? நான் கண்ணாடிய ஒளிச்சு வெச்சேன்ல, அதனாலயா?"

அப்பா இறப்பதற்கு முதல் நாள், அவருடைய மூக்குக்கண்ணாடியை அவள் விளையாட்டாக எங்கோ ஒளித்துவைத்திருந்தாள். அவர் வீடு முழுக்கத் தேடினார், கொஞ்சம் சலித்துக்கொண்டார். நான் பார்த்தது அவ்வளவுதான். ஆனால் அவள் கணக்கு வேறு. தாத்தாவுக்குக் கோபம் வந்தது, மறுநாள் ஆளைக் காணோம், யாரும் காரணம் சொல்லவில்லை. அப்படியென்றால் தான்தான் காரணம். எட்டு மாதம் அதைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கிறாள், விளையாடியிருக்கிறாள், சாப்பிட்டிருக்கிறாள்.

அன்று உண்மையைச் சொன்னேன். நன்றாகச் சொன்னேன் என்று சொல்ல மாட்டேன். இரண்டு வாக்கியத்துக்கு மேல் வரவில்லை. இரவு அவள் தூங்கிய பிறகு ஒரு நோட்டை எடுத்து, அவளிடம் சொல்லியிருக்க வேண்டியதை எழுதிப் பார்த்தேன். அதிலிருந்து ஒரு புத்தகம் வர ஆறு வருடம் ஆனது.

பிள்ளைகளுக்கு ஏன் எழுதுகிறீர்கள், அதுவும் இப்படிக் கனமான விஷயத்தை ஏன் எழுதுகிறீர்கள் என்று என்னைக் கேட்கிறவர்கள் உண்டு. பெரிய பதில் ஒன்றை எதிர்பார்த்துக் கேட்கிறார்கள். என்னிடம் இருப்பது அந்த இருட்டில் கேட்ட கேள்விதான். ஒரு குழந்தைக்கு நான் ஒரு பதில் பாக்கி வைத்திருந்தேன்.

எனக்குப் பிடித்த எழுத்தாளர்களைத் தேடிப் படித்தபோது, அவர்களில் பலர் பின்னாலும் இப்படி ஒரு பாக்கி இருந்தது தெரிந்தது. ஜப்பானிய எழுத்தாளர் டெட்சுகோ குரோயானகி சின்ன வயதில் தன் தலைமை ஆசிரியர் கோபயாஷியிடம், பெரியவளானதும் இதே பள்ளியில் ஆசிரியராக வருவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். அந்தப் பள்ளி 1945இல் குண்டுவீச்சில் எரிந்துபோனது. பள்ளியைத் திரும்பக் கட்டும் முன்பே கோபயாஷி 1963இல் இறந்துபோனார். வாக்கைக் காப்பாற்ற இடமே இல்லாமல் போன பிறகு, 1981இல் அந்தப் பள்ளியைப் பற்றி டெட்சுகோ எழுதிய புத்தகம் வந்தது. ஒவ்வொரு குழந்தையையும் உட்காரவைத்து அது பேசுவதை முழுசாகக் கேட்ட ஒரு மனிதர், இன்று உலகம் முழுக்கப் பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் தெரிந்தவராக இருக்கிறார்.

ஜூடித் கெர்ரின் காரணம் வேறு. 1933இல், ஒன்பது வயதில், ஹிட்லரின் நாஜிகளுக்குப் பயந்து குடும்பத்தோடு ஜெர்மனியை விட்டுத் தப்பி ஓடியவர் அவர். பின்னாளில் அவருடைய மகன் நாஜிகள் வருகிற ஒரு பாட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு, அம்மாவின் சின்ன வயசு இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டானாம். இல்லை, இப்படி இல்லை என்று சொல்வதற்காக அவர் எழுதிய நாவல் 1971இல் வந்தது. தன் பிள்ளை தன்னைத் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது என்ற தவிப்பு ஒரு புத்தகம் எழுதப் போதுமான காரணம் என்று அதைப் படித்தபோது எனக்கு ஒரு தைரியம் வந்தது.

என் முதல் வடிவம் ஒரு ஆமைக் கதை. கிழட்டு ஆமை ஒன்று குளத்தை விட்டுப் போகிறது, குட்டி ஆமை வருத்தப்படுகிறது, நட்சத்திரங்களைப் பார்த்துச் சமாதானம் ஆகிறது, கடைசியில் 'அன்பு என்றும் அழியாது' என்று ஒரு வரி. எழுதி முடித்ததும் எனக்கு அழுகை வந்தது, அதனால் நல்ல கதை என்று நினைத்துவிட்டேன். ஒரு நூலகத்தில் பத்துப் பன்னிரண்டு குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டினேன். மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். முடிந்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு பையன் கேட்டான்: "அந்த ஆமை செத்துப்போச்சா, இல்ல வேற குளத்துக்குப் போயிருச்சா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. 'ஊருக்குப் போயிருக்கார்' என்று மறுபடியும் சொல்லியிருக்கிறேன், இந்தத் தடவை நட்சத்திரம் எல்லாம் வைத்து.

அதன் பிறகுதான் குழந்தைகள் சாவை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று படிக்க ஆரம்பித்தேன். ஒரு குழந்தைகள் மனநல ஆலோசகரிடமும் பேசினேன். நான்கைந்து வயதுக் குழந்தைக்குச் சாவு திரும்பி வர முடியாத ஒன்று என்பது பெரும்பாலும் பிடிபடுவதில்லை. ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள்தான் பல பிள்ளைகளுக்கு அது மெல்லப் புரிய ஆரம்பிக்கிறது. அந்த வயதில் நாம் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். 'தூங்கிட்டார்' என்றால் தூக்கத்தைக் கண்டே பயப்படும் குழந்தைகள் உண்டு. 'ஊருக்குப் போயிருக்கார்' என்றால் வாசலைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார்கள். காரணம் தெரியாதபோது தாங்கள் செய்ததாலோ நினைத்ததாலோதான் அது நடந்தது என்று முடிவுகட்டுவதும் அந்த வயதுக்கு இயல்பு. கண்ணாடி விஷயம் எங்கள் வீட்டுக்கு மட்டும் உரியதில்லை என்று தெரிந்தபோது கொஞ்சம் ஆறுதலாகவும், அதைவிட அதிகமாக வேதனையாகவும் இருந்தது.

ஆமையை விட்டேன். 'இறந்துவிட்டார்' என்ற சொல்லைச் சுற்றிவளைக்காமல் போடுவது என்று முடிவு செய்தேன். இப்போது இதே மாதிரிக் கதையோடு என்னிடம் வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் அதுதான்: விலங்குக் கதை எழுதலாம், தாராளமாக எழுதலாம், ஆனால் சொல்லப் பயந்து விலங்குக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டால் எட்டு வயதுப் பிள்ளை கண்டுபிடித்துவிடும்.

இரண்டாவது வடிவத்தில் செய்த தப்புதான் பெரியது. இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் மனசிலிருந்து எழுதுகிற எல்லோருக்கும் இந்த இடத்தில்தான் கால் தடுக்குகிறது.

உண்மையை எழுதுவது என்று தீர்மானித்ததும் எழுத்து கொட்டியது. மூன்று மாதத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பக்கம். அப்பாவின் கை, அவர் இருமல், கடைசி நாள் நான் அவரிடம் சரியாகப் பேசாமல் கிளம்பியது, அந்தக் குற்றவுணர்வு, எல்லாம். கதையைச் சொல்வது ஒரு ஒன்பது வயதுச் சிறுமி. அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். ரொம்ப நாள் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "நல்லா இருக்கு. ஆனா இதுல பேசுறது சின்னப் பொண்ணு இல்ல, நீ."

சரியாகச் சொன்னாள். நாற்பது வயதைத் தொடப்போகிற ஒருத்தியின் துக்கத்தை ஒரு குழந்தையின் தோளில் ஏற்றி வைத்திருந்தேன். அந்தச் சிறுமி நினைப்பதெல்லாம் பெரியவர்கள் திரும்பிப் பார்த்து நினைப்பது. ஒன்பது வயதுப் பெண் தன் தாத்தாவின் கைச் சுருக்கங்களைப் பார்த்து வாழ்க்கையைப் பற்றி யோசிக்க மாட்டாள். அந்தச் சுருக்கத்தைக் கிள்ளிப் பார்ப்பாள், தோல் கீழே இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று எண்ணுவாள். அப்பா இறந்தபோது எனக்குள் முட்டிக்கொண்டிருந்ததை இறக்கிவைக்க ஒரு இடம் தேவைப்பட்டிருக்கிறது. அது வேறு நோட்டு. அந்த நூறு பக்கத்தை நான் கிழித்துப் போடவில்லை, எனக்காக வைத்துக்கொண்டேன். அதை எழுதாமல் அடுத்ததை எழுதியிருக்க முடியாது என்றும் நினைக்கிறேன். ஆனால் அதில் பிள்ளைகளுக்கு உரியது ஆறு பக்கம்கூட இல்லை.

அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு பத்தியையும் எழுதிவிட்டு ஓரத்தில் ஒரு கேள்வி எழுதுவேன்: 'இது யாருக்கு?' எனக்கு என்று பதில் வந்தால் அந்தப் பத்தி எனக்காக வைத்துக்கொண்ட நோட்டுக்குப் போய்விடும். என் கண்ணில் நீர் வருவது பத்தி நன்றாக இருப்பதற்கு அடையாளம் இல்லை என்று பழகவே ஒரு வருடம் ஆனது.

ஸ்வீடன் எழுத்தாளர் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரெனின் கதை இதில் எனக்கு ரொம்ப உதவியது. 1941இல் அவருடைய ஏழு வயது மகள் நிமோனியாவில் படுத்திருந்தபோது, பிப்பி லாங்ஸ்டாக்கிங் என்று தானே ஒரு விநோதமான பெயரைச் சொல்லி, அந்தப் பெயருள்ள பெண்ணைப் பற்றிக் கதை சொல்லச் சொன்னாள். அம்மா சொன்னார். மூன்று வருடம் கழித்து, கால் சுளுக்கிப் படுக்கையில் கிடந்த நாட்களில், அவற்றை எழுதி மகளின் பத்தாவது பிறந்தநாளுக்குக் கொடுத்தார். ஒரு பதிப்பகம் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியது. 1945இல் இன்னொன்று வெளியிட்டது. கட்டிலில் படுத்திருக்கிற ஒரே ஒரு குழந்தையைப் பார்த்துச் சொன்ன கதை அது. அவள் முகம் சோர்ந்தால் கதை வேறு பக்கம் திரும்ப வேண்டும். நானும் மூன்றாவது வடிவத்தை அக்கா மகளுக்கு எதிரில் உட்கார்ந்து சொல்வதுபோல எழுத ஆரம்பித்தேன். எழுதுவதற்கு முன் வாயால் சொல்லிப் பார்த்துவிடுவேன். வாய்க்கு வராத வாக்கியம் தாளுக்கும் போகாது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. நாம் பேசுவது ஒன்று, எழுதுவது ஒன்று. 'என்னிடம் கூறாமல் ஏன் சென்றார்?' என்று ஒரு ஐந்து வயதுக் குழந்தை கதையில் கேட்டால் அந்தக் கேள்வியில் உயிரே இருக்காது. முழுக்கப் பேச்சிலேயே எழுதினாலோ, இப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளை தடுமாறும். பாடப் புத்தகத்தில் பார்த்த உருவத்தில் சொல் இருக்காது. பல விதமாக எழுதிப் பார்த்து, கதை சொல்கிற இடமெல்லாம் எளிய எழுத்துத் தமிழ், யாராவது வாய் திறந்தால் பேச்சுத் தமிழ் என்று வைத்துக்கொண்டேன். பேச்சிலும் ரொம்பச் சுருக்கின உருவங்களைத் தவிர்த்தேன். வாக்கியம் எட்டுச் சொல்லைத் தாண்டினால் ஒருமுறை நின்று பார்ப்பேன்.

ஆனாலும் நடுவில் எட்டு மாதம் ஒரு வரி எழுதவில்லை. தாத்தா இறக்கிற அத்தியாயத்துக்கு முன்னால் நின்றுவிட்டேன். மேசையைத் துடைப்பேன், முதல் அத்தியாயத்தைத் திருத்துவேன், அந்த இடத்துக்கு மட்டும் போக மாட்டேன். அந்தச் சமயத்தில்தான் அமெரிக்க எழுத்தாளர் கேத்ரின் பேட்டர்சனைப் பற்றிப் படித்தேன். 1974இல் அவர் மகனின் நெருங்கிய தோழி, எட்டு வயதுச் சிறுமி, மின்னல் தாக்கி இறந்துபோனாள். மகனின் துயரத்தைப் பார்த்து எழுத ஆரம்பித்தவர், கதையில் அந்தப் பெண் இறக்க வேண்டிய அத்தியாயம் வந்ததும் எழுத முடியாமல் நிறுத்திவிட்டார். எழுதாமல் இருக்கும்வரை அவள் உயிரோடு இருப்பாள். பிறகு எழுதி, 1977இல் புத்தகம் வந்தது. இத்தனை தேர்ந்த ஒருவருக்கே இப்படி என்றால் நான் நின்றதில் அதிசயமில்லை என்று எழுந்து உட்கார்ந்தேன். நான் செய்தது சின்ன வேலைதான். அந்த அத்தியாயத்தை விட்டுவிட்டு, அதற்கு அடுத்ததை எழுதினேன்: வீட்டில் எல்லோரும் போன பிறகு அந்தச் சிறுமி என்ன செய்கிறாள்? தாத்தாவின் நாற்காலிக்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்கிறாள். அது வந்ததும் முந்தின அத்தியாயம் தானாக, ஒன்றரைப் பக்கத்தில் வந்துவிட்டது.

சிரிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். சோகமான புத்தகத்தில் சிரிக்க இடம் இல்லையென்றால் பிள்ளைகள் மூச்சுமுட்டி மூடிவைத்துவிடுவார்கள். என் கதையில் தாத்தா மூக்கில் கண்ணாடி இல்லாமல் பூனையைத் தலையணை என்று நினைத்துத் தட்டிக் கொடுக்கிற இடம் ஒன்று உண்டு. வாசித்துக் காட்டும்போது அந்த இடத்தில் உருண்டு சிரித்தார்கள். அப்படிச் சிரித்த பிள்ளைகள்தான் பிறகு அவர் இறந்தபோது அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் சிரித்ததால் அவர் அவர்களுக்கும் தாத்தா ஆகிவிட்டார்.

வாசித்துக் காட்டுவதை எழுதுகிறவர்கள் யாரும் விடக் கூடாது. முடிந்த பிறகு 'பிடிச்சிருக்கா?' என்று கேட்டால் பிடிச்சிருக்கு என்றுதான் சொல்வார்கள், பிள்ளைகள் நல்லவர்கள். வாசிக்கும்போதே பார்க்க வேண்டும். எந்த வரியில் காலை ஆட்ட ஆரம்பிக்கிறார்கள், எங்கே பக்கத்திலிருப்பவனைக் கிள்ளுகிறார்கள், எங்கே வாய் திறந்தபடி நிற்கிறது. நான் தாளின் ஓரத்தில் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே வாசிப்பேன். அறிவுரை வந்த இடத்திலெல்லாம் கால் ஆடியிருந்தது. ஒன்றுவிடாமல் எடுத்துவிட்டேன்.

ஒரு பதிப்பாளர் கையெழுத்துப் பிரதியைப் படித்துவிட்டு, தாத்தாவை ஆஸ்பத்திரியிலிருந்து பிழைத்து வரச்செய்தால் போடலாம் என்றார். பெற்றோர் சாவு வருகிற புத்தகத்தை வாங்க மாட்டார்கள் என்பது அவர் கவலை. அது பொய்யான கவலையும் இல்லை, பல பெற்றோர் அப்படித்தான். இரண்டு நாள் யோசித்தேன். அவர் பிழைத்து வந்தால், உண்மையிலேயே தாத்தா திரும்பி வராத வீட்டுப் பிள்ளை அதைப் படித்துவிட்டு என்ன நினைக்கும்? என் தாத்தா மட்டும் ஏன் வரவில்லை என்றுதானே. மறுத்துவிட்டேன். இன்னும் இரண்டு இடத்தில் தட்டி, மூன்றாவது இடத்தில் கதவு திறந்தது.

அங்கே கிடைத்த ஓவியர் எனக்குப் பெரிய பாடம். நாற்காலி காலியாக இருப்பதைப் பற்றி நான் மூன்று பத்தி எழுதியிருந்தேன். அவர் ஒரு பக்கம் முழுக்க நாற்காலியையும், அதற்குக் கீழே இரண்டு சின்னப் பாதங்களையும் மட்டும் வரைந்து அனுப்பினார். மூன்று பத்தியையும் அடித்துவிட்டேன். படம் வருகிற புத்தகத்துக்கு எழுதுகிறவர்கள் ஓவியருக்கு இடம் விட்டு எழுத வேண்டும்.

புத்தகம் வந்த பிறகு வந்த கடிதங்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒரு பையன், மூன்றே வரி. தன் நாய் இறந்த அன்று தான் அதற்குத் தண்ணீர் வைக்க மறந்துவிட்டதாகவும், இதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்றும் எழுதியிருந்தான். இப்படி ஒரு கடிதம் வரும்போது அழகான பதில் எழுதத் தோன்றும். அது போதாது. நீ தண்ணீர் வைக்க மறந்ததால் அது இறந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை, ஆனால் இதை உன் வீட்டில் நீ நம்புகிற ஒருவரிடம் சொல்லு, அவர்களுக்கு உன் நாயைத் தெரியும் என்று எழுதினேன். புத்தகத்திலும் அதற்காகவே ஒரு ஆளை வைத்திருக்கிறேன். எந்தக் கேள்வி கேட்டாலும் முகம் மாறாமல் பதில் சொல்கிற ஒரு அத்தை. கனமான கதை எழுதினால், பிள்ளை பிடித்துக்கொள்ள ஒரு பெரியவர் கையாவது உள்ளே இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

இப்போதும் பிள்ளைகள் முன் அந்த ஒன்றரைப் பக்கத்தை வாசிக்கும்போது குரல் உடையும். முதலில் வெட்கமாக இருந்தது. சிலந்தியும் பன்றியும் நண்பர்களாக இருக்கிற கதையை 1952இல் எழுதிய ஈ.பி. வைட், பல வருடம் கழித்து அதைத் தன் குரலில் ஒலிப்பதிவு செய்தபோது, சிலந்தி இறக்கிற இடத்தை அழாமல் வாசித்து முடிக்க 17 முறை முயல வேண்டியிருந்தது என்று பதிவு செய்தவர் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்ட பிறகு நான் குரலை மறைப்பதில்லை. கொஞ்சம் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு, மீதியை வாசிக்கிறேன். அவர்கள் காத்திருக்கிறார்கள்.

அச்சுக்குப் போவதற்கு முன் அக்கா மகளிடம் கொடுத்தேன். அவளுக்கு அப்போது பன்னிரண்டு ஆகப்போகிறது. அவள் வேண்டாம் என்று சொன்னால் புத்தகம் வராது என்று பதிப்பகத்திடம் முன்பே சொல்லியிருந்தேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படித்தாள். நான் வெளியே ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "கடைசில அந்தப் பொண்ணு கண்ணாடியக் கொண்டுபோய் நாற்காலி மேல வெக்கிறால்ல, அது நடக்கல சித்தி."

கதைக்காகச் சேர்த்தது, பிடிக்கவில்லையென்றால் எடுத்துவிடுகிறேன் என்றேன்.

"இல்ல. நான் அன்னைக்கு ராத்திரியே குடுத்துட்டேன். தாத்தா திட்டவேயில்ல. சிரிச்சுட்டு அத எனக்கே மாட்டிவிட்டார். இத்தன நாளா எனக்கு அது ஞாபகமே இல்ல. படிக்கும்போதுதான் வந்துச்சு."

அப்பா சிரித்த அந்த இரவு எனக்குத் தெரியாது. நான் அன்று சீக்கிரம் கிளம்பிவிட்டிருந்தேன். ரொம்ப நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. அப்புறம், இதை எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுது. ஆனா கண்ணாடி எனக்கு ரொம்பப் பெருசா இருந்துச்சு, கீழ விழாம ரெண்டு கையாலயும் புடிச்சிட்டிருந்தேன்னு போடு."

கடைசி இரண்டு பக்கத்தை அன்று மாலையே மாற்றி எழுதினேன். ஓவியருக்கும் உடனே போன் செய்து, கண்ணாடியைப் பெரிதாக வரையச் சொன்னேன்.